அற்றோணித் தத்துவத்தை இரத்துச் செய்தால் வாடகைக்காரரும் வெளியேற வேண்டுமா?

கேள்வி: கொக்குவிலில் எனக்கு ஒரு மாடிவீடு இருக்கிறது. நான் ரொறன்ரோவில் வசிப்பதால் தெரிந்த ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (என் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்தேன். அவர் மேல்வீட்டையும் கீழ்வீட்டையும் வாடகைக்கு விட்டுப் பராமரித்து வந்தார். 14 மாதமாகக் கணக்கும் இல்லை, காசும் இல்லை. இனி என் தம்பி பொறுப்பெடுக்கப் போகிறார் என்றதும், "வாடகைக்காரர் என்னோடைதான் எழுதினவை, உங்களாலை ஒண்டும் செய்யேலாது" என்கிறார். காணி உறுதியும் அவரிடம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அவர் சொல்வது பிழை. உங்கள் தத்துவக்காரராக அவர் எழுதிய ஒப்பந்தம் உங்களுடைய ஒப்பந்தம்தான். அதனாலேயே அது உங்களையும் கட்டுப்படுத்தும். தத்துவம் இரத்தானாலும் வாடகைக்காரரின் உரிமை அப்படியே இருக்கும். அவர்கள் கொடுத்த முற்பணத்தையும் கடைசியில் நீங்களே திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

அவரோடு வாக்குவாதப்படுவதற்கு முன் பழைய தத்துவத்தை எடுத்து வாசியுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் அதில் அதிகாரம் இருந்தால், தம்பி முதலில் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவைத் தேடிப் பார்க்க வேண்டும். ஈடோ நீண்ட குத்தகையோ ஏறியிருந்தால் பிரச்சினையே வேறு, உடனே தனியாக ஆலோசனை பெறுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் இரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பழைய தத்துவம் பதிவான இடத்தில் இந்த இரத்தும் பதிவாக வேண்டும். தம்பிக்கு, குறித்த வேலைகளுக்கு மட்டுமான விசேட தத்துவமே போதும்: வாடகை அறவிடல், திருத்தவேலை, பில் கட்டல், வழக்கு நடத்தல். தம்பிதானே என்று விற்கும் அதிகாரத்தை எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது வாடகைக்காரருக்கான அறிவித்தல். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தத்துவம் இரத்தானது தெரியாமல் வாடகைக்காரர் பழையவரிடம் கட்டிய காசு கட்டிய காசுதான், அதை அவர்களிடம் மறுபடி கேட்க முடியாது. ஆகவே அறிவித்தல் அவர்கள் கையில் கிடைத்த திகதிக்கு அத்தாட்சி வேண்டும். பதிவுத் தபாலில் ஒன்று அனுப்புங்கள். இன்னொன்றைத் தம்பி நேரில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கட்டும். எந்த மாதத்திலிருந்து, யாருடைய எந்த வங்கிக் கணக்குக்கு வாடகை என்பதையும், அவர்கள் கட்டிய முற்பணம் எவ்வளவு என்று எழுத்தில் தரும்படியும் அதில் குறிப்பிடுங்கள். பழையவருக்கும் அன்றே பதிவுத் தபால் போகட்டும்.

அவரிடமிருந்து உறுதி, ஒப்பந்த மூலப்பிரதிகள், பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், திறப்புகள், மின்சார பில்கள், நல்லூர் பிரதேச சபைக்குச் சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் கேளுங்கள். பொறுப்பெடுக்கும் நாளன்று மின்மானி வாசிப்பைப் படம் எடுத்து வையுங்கள். அவர் கணக்குத் தராவிட்டால் வாடகைக்காரரின் பற்றுச்சீட்டுகளை வைத்து நீங்களே போடலாம். கீழ்வீடு 30,000, மேல்வீடு 22,000 என்று வைத்தால் 14 மாதத்துக்கு 728,000 ரூபாய். அதில் பேசிய கொமிசனும், பில் உள்ள திருத்தச் செலவும் கழியும். மீதிக்குச் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் கணக்குக் காட்டும்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்.

ஒப்பந்தங்களை இன்னொரு விடயத்துக்காகவும் பார்க்க வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் தாளில் எழுதிய "இரண்டு வருடம்" அந்தத் தவணைக்குச் செல்லாது, பொதுவாக மாத வாடகையாகவே கொள்ளப்படும். முடிக்கக் குறைந்தது ஒரு முழு மாத அறிவித்தல் வேண்டும்.

வாடகைக்காரர் போக மறுத்தாலும் தம்பி பூட்டை மாற்றவோ தண்ணீரையோ கறண்டையோ வெட்டவோ கூடாது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் பொலிஸுக்குப் போனால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதிமன்றத்துக்கு வரும். அந்தத் தகவல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட திகதிக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றியிருந்தால், வீடு யாருடையதானாலும் நீதிமன்றம் அவரையே திரும்பக் குடியிருத்தும்.