ஜெபத்தில் கண் மூடாத மகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஓய்வுநாள் பள்ளிக்குத் தவறாமல் போனவள். 119ஆம் சங்கீதத்தில் பல பகுதிகளை மனப்பாடமாகச் சொல்லுவாள். என் மாமியார் நோயுற்றிருந்தபோது குடும்ப ஜெபத்தில் பாட்டிக்காக இரவுதோறும் ஜெபித்தவளும் அவள்தான். பாட்டி இறந்துவிட்டார்கள். சில வாரங்கள் கழித்து, "நாம கேட்டோமே, அதை யாரும்மா கேட்டுக்கிட்டிருந்தாங்க?" என்றாள். "அது கர்த்தருடைய சித்தம்" என்றேன். "அப்ப எதுக்கு என்னைக் கேக்கச் சொன்னீங்க?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து ஜெப நேரத்தில் வந்து உட்காருகிறாள். ஆனால் கண் மூடுவதில்லை, ஆமென் சொல்வதுமில்லை. வேதத்தில் வரும் ஆசாரியன் ஏலியைப் போலப் பிள்ளையை அடக்காமல் விட்டுவிட்டதாக என் நாத்தனார் சொல்லுகிறார். நடக்கவேண்டிய வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் விடமாட்டான் என்றுதானே வேதம் சொல்லுகிறது? நான் எங்கே தவறினேன்? அவளைக் கண்டித்து ஜெபிக்க வைக்க வேண்டுமா? பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே சபைக்கு முன்பாக அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் காலமும் வருகிறது.

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் ஜெப நேரத்தில் வந்து உட்காருகிறாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் மனம் அந்த வரியில்தான் நின்றது. விசுவாசத்தை உதறிவிட்ட பிள்ளை அந்த நேரம் பார்த்துத் தலைவலி என்றோ வீட்டுப்பாடம் என்றோ சொல்லி அறைக்குள் போய்விடும். உங்கள் மகள் வந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் கோபத்தை மறைக்காமல் இருக்கிறாள். இல்லாத ஒருவர்மேல் யாரும் இப்படிக் கோபித்துக்கொள்வதில்லை.

அவளுடைய கேள்வியும் வேதத்துக்கு அந்நியமானதல்ல. லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேள்விப்பட்ட பின்பும் ஆண்டவராகிய இயேசு தாம் இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார் என்று யோவான் எழுதுகிறார். லாசரு மரித்தபின் அவர் வந்துசேர்ந்தபோது, அவனுடைய சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே அவரிடம் சொன்னது ஒன்றுதான்: "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." அவிசுவாசம் என்று அவர் மரியாளைக் கடிந்துகொள்ளவில்லை, தாமதத்துக்கு விளக்கமும் சொல்லவில்லை, கண்ணீர் விட்டார். லாசரு உயிரோடு எழுந்தான், என் பாட்டி எழவில்லையே என்று உங்கள் மகள் கேட்பாள். கேட்கட்டும். சிலுவைப் பாடாகிய பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி கெத்செமனே தோட்டத்தில் மூன்று முறை ஜெபித்த குமாரனுக்கே அது நீங்கவில்லை என்பதையும் அப்போது அவளோடு சேர்ந்து வாசிக்கலாம்.

கெத்செமனேயைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது" என்பது அங்கே துக்கத்தில் முகங்குப்புற விழுந்து கிடந்தவரின் வாயிலிருந்தே வருகிறது; பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்குச் சொன்ன ஆறுதலாக அது வரவில்லை. நாமோ சாவு வீட்டில் அழுகிறவர்களிடம் அதையே சொல்லிப் பேச்சை முடித்துவைக்கிறோம். நீங்கள் சொன்னது பொய் என்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் உங்கள் மகள் அதைத் தன் வாயால் சொல்லும் காலம் ஒன்று வரவேண்டுமே தவிர, அவளுக்காக நீங்கள் அதைச் சொல்லிவைக்க முடியாது. ஆமெனும் அப்படித்தான்.

ஏலியின் கதையை உங்கள் நாத்தனார் மறுபடி ஒருமுறை வாசிப்பது நல்லது. ஏலியின் மக்கள் கேள்வி கேட்ட சிறுபிள்ளைகள் அல்லர்; ஜனங்கள் கொண்டுவந்த பலியைப் பலவந்தமாகப் பறித்துக்கொண்ட, வளர்ந்த ஆசாரியர்கள். அதே பகுதியில் நமக்கு வேண்டிய வேறொரு வசனம் இருக்கிறது. அன்னாளின் ஜெபத்தால் பிறந்து, பால்மறந்ததும் கர்த்தருடைய ஆலயத்தில் விடப்பட்டு, ஆசாரியர் அணியும் சணல்நூல் ஏபோத்தைத் தரித்து ஊழியம் செய்துகொண்டிருந்த பிள்ளையைக் குறித்து, "சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்" என்று அது சொல்லுகிறது. ஆலயத்துக்குள்ளேயே படுத்துத் தூங்குகிற பிள்ளை! அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது தாயுமல்ல, ஏலியுமல்ல, கர்த்தரே. பிள்ளையை அந்த இடத்தில் கொண்டுபோய் விடுவதும், வருஷந்தோறும் அவன் அளவுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு போவதும் அன்னாளால் ஆயின. அதற்கு அப்பாற்பட்டது அவள் கையில் இல்லை. அந்தச் சாமுவேலின் குமாரர்களே பிற்பாடு பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். வேதம் அதற்காகச் சாமுவேலைக் குற்றப்படுத்தவில்லை.

ஆகவே, நடக்கவேண்டிய வழியைப் பற்றி நீங்கள் சொன்ன நீதிமொழிகள் 22:6 நல்ல ஞானம். தவணை தவறினால் எடுத்து நீட்டுகிற கடன்பத்திரமாக அதை யாரும் உங்கள் முன்னால் வைக்க அனுமதிக்காதீர்கள். "எங்கே தவறினேன்" என்ற உங்கள் கேள்விக்கு இதற்குமேல் நான் பதில் தேடப்போவதில்லை.

கண்டிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டார் எல்லாரும் ஜெபத்துக்கு உட்காரும்போது அவளும் வந்து உட்காரவேண்டும், ஞாயிறு ஆராதனைக்குக் கூட வரவேண்டும் என்று சொல்வதில் தவறில்லை. அது வீட்டின் ஒழுங்கு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒழுங்கு பாரமாகாது. ஆனால் கண் மூடு, வாய்விட்டு ஜெபி, ஆமென் சொல் என்று வற்புறுத்தினால், அம்மாவைத் திருப்திப்படுத்த ஆண்டவருக்கு முன்பாக நடிக்கலாம் என்று நாமே அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவோம். பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்ததாகப் பவுல் நினைவுகூருவது மாயமற்ற விசுவாசத்தை. மாயத்தை நம்மைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குடும்ப ஜெபத்தில் பாட்டியின் பெயரை நீங்களே சொல்லுங்கள். அவர்கள் பிழைக்கவேண்டும் என்று கேட்டோம், நீர் ஏன் தரவில்லை என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவர்கள் இல்லாதது தாங்கவில்லை என்று அவள் காதுகேட்க ஜெபியுங்கள். அழுகை வந்தால் அடக்கவேண்டாம். அந்தப் பிள்ளை ஒருவேளை அழுவதற்குத் துணையில்லாமல் தவிக்கிறாளோ என்றும் எனக்குத் தோன்றுகிறது. 119ஆம் சங்கீதத்தைக் கற்றவளுக்கு இப்போது 13ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டலாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் அது தொடங்குகிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. இவையும் ஜெபங்கள்தான் என்பது பல விசுவாச வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

ஆதித் திருச்சபையின் பெரிய போதகராகிய அகஸ்டினின் தாய் மோனிக்கா, வழிதவறிய மகனோடு பேசித் திருத்தும்படி ஓர் ஆயரிடம் மன்றாடினார். அந்த ஆயர் மறுத்துவிட்டார். அவன் இப்போது கற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை, அவனை விட்டுவிட்டு அவனுக்காகக் கர்த்தரிடம் ஜெபம் மட்டும் பண்ணு என்பதே அவர் சொன்ன புத்தி. அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றது 387இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு. அதே ஆண்டில் மோனிக்கா காலமானார்.

திடப்படுத்தல் வகுப்புக்கு இந்த ஆண்டு நீங்களாகப் பெயர் கொடுக்கவேண்டாம். அவளிடம் ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால், அடுத்த ஆண்டும் வகுப்பு நடக்கும் என்று சொல்லி விட்டுவிடுங்கள். சபையில் யாராவது காரணம் கேட்டால், அவள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். அந்த விசாரணை அவள்வரைக்கும் போகவேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா