சிக்வினில் டைமரும் சிக்னலும்: கேள்வி பதில்

விண்டோஸ் மேல் யூனிக்ஸ் நிரல்களை ஓடவைக்கும் அடுக்கு சிக்வின். அதன் டைமர், சிக்னல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். சிக்னல் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு (புராசஸுக்கு) வரும் குறுக்கீட்டுச் செய்தி. அது வந்ததும் ஓடுவதற்கு நீங்கள் எழுதி வைக்கும் ஃபங்ஷன்தான் ஹேண்ட்லர். டைமர் குறித்த நேரத்தில் சிக்னல் அனுப்பும்.

விண்டோஸில் யூனிக்ஸ் சிக்னலே கிடையாதே, சிக்வின் எங்கிருந்து தருகிறது?

தானே உருவாக்கித்தான். ஒவ்வொரு புராசஸுக்குள்ளும் சிக்னலுக்கென்று ஒரு தனி த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) ஒரு பைப்பை (செய்தி கடத்தும் குழாயை) பார்த்தபடி காத்திருக்கும். நீங்கள் 'கில்' (சிக்னல் அனுப்பும் கட்டளை) அடித்தால் அந்தப் பைப்பில் செய்தி விழும். இதுவரை சுலபம். மெயின் த்ரெட்டை ஹேண்ட்லர் பக்கம் திருப்புவதுதான் கஷ்டம். அது உங்கள் கோடில் ஓடிக்கொண்டிருந்தால், நிறுத்தி, அடுத்து ஓடவேண்டிய முகவரியை மாற்றிவிடலாம். சிக்வின் ஃபங்ஷனுக்குள் இருந்தால் திரும்பும் முகவரியை மாற்றி வைப்பார்கள். வெளியே வரும்போது ஹேண்ட்லர் ஓடும். விண்டோஸ் டிஎல்எல்லுக்குள் (விண்டோஸின் சொந்த நூலகக் கோடுக்குள்) இருந்தால் தொடவே கூடாது. ஹீப்பின் (நிரல் நினைவகம் வாங்கும் இடத்தின்) பூட்டை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் காவலை, அது பிடித்திருக்கும் நேரமாக இருக்கலாம். விட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி பார்க்கவேண்டும்.

10 மில்லிசெகண்ட் கேட்டேன், 15 வருகிறது.

விண்டோஸின் வழக்கமான டிக் (கடிகாரத் துடிப்பு) நொடிக்கு 64, அதாவது சுமார் 15.6 மில்லிசெகண்டுக்கு ஒன்று. நீங்களே டைமர் எழுதுவதானால், அடுத்த நேரத்தை 'இப்போது'டன் கூட்டாதீர்கள், முந்தைய கெடுவுடன் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றின் தாமதமும் சேர்ந்துகொண்டே போகும்.

டைமர் ஐந்து முறை அடிக்கவேண்டும், ஹேண்ட்லர் இரண்டு முறைதான் ஓடியது.

சாதாரண சிக்னல் வரிசையில் நிற்காது. ஒன்று காத்திருக்கும்போது இன்னொன்று வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். டைமர்_கிரியேட் பயன்படுத்தி, தவறிய எண்ணிக்கையை டைமர்_கெட்ஓவர்ரன்னில் கேளுங்கள். சிக்வின் 3.0 (2019) முதல் அது உண்டு. டைமரையும் சிக்னலையும் கோப்பு போலப் படிக்க உதவும் டைமர்எஃப்டி, சிக்னல்எஃப்டி இரண்டும் அதிலேயே வந்தன.

புரொஃபைல் செய்ய (நிரலின் நேரம் எங்கே போகிறது என்று அளக்க) ஐடைமர்_புரோஃப் டைமர் சிக்வினில் உண்டா?

இல்லை. கடிகார நேரத்தை எண்ணும் ஐடைமர்_ரியல் மட்டும்.

ஹேண்ட்லரில் பிரிண்ட்எஃப் (எழுத்தை வெளியிடும் ஃபங்ஷன்) போடலாமா?

போடாதீர்கள். மால்லாக்கும் (ஹீப்பில் நினைவகம் வாங்கும் ஃபங்ஷன்) கூடாது. ஒரு கொடியை உயர்த்துங்கள் (சிக்னல் வந்தது என்று ஒரு மாறியில் குறியுங்கள்), அல்லது ரைட் மூலம் பைப்பில் ஒரு பைட் எழுதுங்கள். மற்ற வேலை மெயின் லூப்பில்.

சிக்வினில் இரண்டு வருஷமாகப் போட்டு ஓடுகிறதே!

ஓடும். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது. பிரிண்ட்எஃப், மால்லாக் இரண்டும் சிக்வினுக்குள் இருப்பவை. சிக்னல் வந்தாலும் அவை முடிந்து திரும்பும்வரை ஹேண்ட்லர் பெரும்பாலும் காத்திருக்கும். அந்தப் பாதுகாப்பைத் தருவது அடுக்கு, உங்கள் கோடு அல்ல. அதே கோடை லினக்ஸுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். மூன்று த்ரெட் கொண்ட நிரல், இரவெல்லாம் அசையாமல் நின்றது. காலையில் ஸ்டாக்கை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசையை) பார்த்தேன். கீழே மெயின், அதன்மேல் மால்லாக், அதன்மேல் ஹேண்ட்லர், அதன்மேல் மறுபடியும் மால்லாக், உச்சியில் பூட்டுக்கான காத்திருப்பு. அந்தப் பூட்டைப் பிடித்திருந்தது கீழே இருந்த அதே மால்லாக்.

அதே த்ரெட் மறுபடி நுழையும்படி பூட்டை மாற்றினால் சரியாகிவிடாதா?

இன்னும் மோசமாகும். நிரல் நிற்காது, ஆனால் கீழே இருக்கும் மால்லாக் தன் காலி இடப் பட்டியலைப் பாதி மாற்றிய நிலையில் இருக்கும்போது மேலே இன்னொன்று அதே பட்டியலைத் தொடும். ஹீப் கெட்டுப்போகும், நிரல் ஒரு மணி நேரம் கழித்துச் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும். நின்றுபோன நிரலுக்காவது ஸ்டாக் கிடைக்கும். இதற்குத் தடயமே கிடைக்காது.

சிக்சைல்ட் (குழந்தைப் புராசஸ் முடிந்ததும் வரும் சிக்னல்) ஹேண்ட்லரில் பிரிண்ட்எஃப்?

எந்த ஹேண்ட்லரிலும் கூடாது. மேலே படியுங்கள்.

வேறு ஃபங்ஷன்? ஃப்ரீ (வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தருவது)?

மால்லாக்குக்குச் சொன்னதேதான்.

விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-இலும் இந்தச் சிக்கல்கள் உண்டா?

அதில் ஓடுவது உண்மையான லினக்ஸ் கெர்னல். த்ரெட்டை நிறுத்தித் திருப்பும் வேலை அங்கே இல்லை. ஹேண்ட்லர் விதி மட்டும் அப்படியே.

எஸ்ஏ_ரீஸ்டார்ட் (சிக்னலால் தடைபட்ட அழைப்பை மறுபடி தொடங்கச் சொல்லும் குறி) போட்டும் செலக்ட் ஈஇன்டர் ('சிக்னலால் தடைபட்டது' என்ற பிழை) தருகிறது.

லினக்ஸில் ரீட் மறுபடி தொடங்கும். காத்திருக்கவைக்கும் செலக்ட், போல், நானோஸ்லீப் தொடங்காது. எஸ்ஏ_ரீஸ்டார்ட்டை நம்பி விடாமல், ஈஇன்டர் வந்தால் மீதி நேரத்தைக் கணக்கிட்டு லூப்பில் மறுபடி அழையுங்கள்.