துப்பாக்கிக் கடையில் லாபம் எங்கே இருக்கிறது? – கேள்வி பதில்

ஹட்டனில் வீட்டில் இருந்தபடியே டெக்சாஸ் மாநிலத்தில் இரண்டு துப்பாக்கிக் கடைகளுக்கு ஏழு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கோடையில் அங்கே மாலை ஆறு மணிக்குக் கடை சாத்தும்போது இங்கே விடியற்காலை நாலரை. தேத்தண்ணியோடு உட்கார்ந்து அன்றைய வியாபாரத்தைப் பதிய ஆரம்பிப்பேன். இதைப் பற்றிக் கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஹட்டன், உயர்தர வணிகப் பிரிவு மாணவி: அக்கா, அமெரிக்காவில் துப்பாக்கிக் கடை வைத்தாலே கோடீஸ்வரர்தானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் தங்கச்சி. முதல் மாதக் கணக்கை முடித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம், கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

புதுத் துப்பாக்கி ஒன்றை மொத்த வியாபாரியிடம் 500 டொலருக்கு எடுத்து 570க்கு விற்கிறார்கள். கையில் 70 டொலர். வாங்குகிறவர் விற்பனை வரியோடு சேர்த்து ஏறக்குறைய 617 டொலரைக் கார்டில் கட்டுவார். கார்ட் நிறுவனம் வரிப் பணத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணம் எடுக்கும். மூன்று வீதம் என்றால் பதினெட்டரை டொலர் போனது. சாமான் வந்த கூலி 15. படிவம் நிரப்பி, வாங்குகிறவருக்குத் துப்பாக்கி விற்கலாமா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையை முடித்து, துப்பாக்கியைக் கையில் கொடுக்க ஊழியருக்கு முக்கால் மணி நேரம் போகும், அதற்கு ஒரு 12 டொலர். மிச்சம் 24 டொலர் சொச்சம்.

வாடகை, காப்புறுதி, அலாரம், இரும்புப் பெட்டி எதையும் நான் இன்னும் கழிக்கவில்லை. அந்தத் துப்பாக்கி ஆறு மாதம் இறாக்கையில் கிடந்து, முதலும் வங்கிக் கடன் என்றால், வருட வட்டி பத்து வீதத்தில் 25 டொலர் வட்டிக்கே போய்விடும். விற்றும் நட்டம்.

சுவர் நிறையத் துப்பாக்கி தொங்குவது பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அது முடங்கிக் கிடக்கும் முதலாகத்தான் தெரிகிறது. கடைக்காரரோடு நான் அதிகம் சண்டை போடுவதும் இதற்குத்தான். 90 நாள் தாண்டிய சாமானின் பட்டியலை மாதா மாதம் அனுப்புவேன். “இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்” என்பார். நான் விடமாட்டேன்.

பதுளை, ஹார்ட்வெயார் கடை முதலாளி: அப்படியென்றால் எதில்தான் மகள் பிழைக்கிறார்கள்?

உங்கள் கடையிலும் சீமெந்து மூட்டையில் பெரிதாக ஒன்றும் நிற்காது, ஆணியிலும் பூட்டிலும் வண்ணத் தூரிகையிலும்தானே மிஞ்சும் ஐயா? அங்கேயும் அதே கதைதான். துப்புரவு எண்ணெய், உறை, தோள்வார், பூட்டுப் பெட்டி, காதுக் கவசம் இவற்றில்தான் காசு நிற்கிறது. தோட்டாவில் லாபம் குறைவு, ஆனால் வாங்கினவரைத் திரும்பத் திரும்பக் கடைக்கு வரவைப்பது அதுதான்.

பழைய துப்பாக்கி வாங்கி விற்பது இன்னும் நல்லது, அதற்கு விலை வைப்பது கடைக்காரரே. புதுச் சாமானின் விலையைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு வருகிறவரிடம் பேரம் பேச இடமே இல்லை.

இன்னொன்று கைமாற்றுக் கட்டணம். வேறு மாநிலத்துக் கடையில் இணையத்தில் துப்பாக்கி வாங்கினாலும் அது நேரே வீட்டுக்கு வராது. உரிமம் உள்ள உள்ளூர்க் கடைக்கு வந்து, அங்கே படிவமும் சோதனையும் முடிந்துதான் கைக்கு வரும். அதற்குக் கடை ஒரு கட்டணம் எடுக்கும். சில கடைக்காரர்கள் இதைக் கோபத்தோடு செய்கிறார்கள். “எங்கேயோ வாங்கிவிட்டு இங்கே வருகிறான்” என்பார்கள். அது தவறு. நம் முதல் ஒரு சதம் போடாமல், காசோடு ஒரு ஆள் கடைக்குள் வருகிறார். உறையும் எண்ணெயும் அவருக்கும் வேண்டும்.

கண்டி, கணக்காய்வுப் பயிலுநர்: பதிவேடு ரொம்பக் கடுமையாமே?

ஆமாம். விற்பனையாளர் உரிமத்துக்கு முதல் மூன்று வருடத்துக்கு 200 டொலர்தான், புதுப்பிக்க 90. அதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். உண்மையான செலவு அதைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. உள்ளே வந்த துப்பாக்கியை அடுத்த வேலை நாள் முடிவதற்குள் பதிய வேண்டும், வெளியே போனதை ஏழு நாளுக்குள். வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தை முன்பு 20 வருடம் வைத்திருந்தால் போதும், 2022இல் அதைக் கடை இருக்கும் வரை என்று மாற்றினார்கள். ஒன்று காணாமல் போனால், தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்.

ஒருமுறை இருப்பு எடுத்தோம். கடைக்காரர் வீடியோ அழைப்பில் இறாக்கை இறாக்கையாக நடந்து தொடரிலக்கத்தை வாசிக்க, நான் இங்கே சரி போட்டுக்கொண்டே வந்தேன். முடிவில் ஒரு ரிவோல்வர் குறைகிறது. அவர் முகம் வெளுத்ததைத் திரையில் பார்த்தேன். ஒன்றேமுக்கால் மணி நேரம் தேடினோம். பழுதுபார்ப்பவரின் மேசை லாச்சியில், எண்ணெய்த் துணியில் சுற்றியபடி கிடந்தது. யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், துண்டு எழுதவில்லை. அன்றிலிருந்து மேசைக்குப் போகும் சாமானுக்கும் தனிப் பதிவு வைத்திருக்கிறேன்.

நுவரெலியா, மரக்கறி வியாபாரி: விலை ஏறி இறங்குமா?

விலையை விட, வாங்குகிற ஆட்கள்தான் ஏறி இறங்குவார்கள் அண்ணா. கட்டுப்பாடு வரும் என்ற பேச்சு கிளம்பினால் வரிசையில் நிற்பார்கள். பேச்சு அடங்கினால் கடையில் ஈ ஓட்டலாம். 2016 தேர்தலுக்கு முன் ஓடிய ஓட்டம் 2017இல் படுத்துவிட்டது, 2018இல் ரெமிங்டன் போன்ற பழைய துப்பாக்கி உற்பத்தி நிறுவனமே வங்குரோத்துப் பாதுகாப்புக்குப் போனது. 2020 பெருந்தொற்றில் மறுபடி இறாக்கை காலி. கரட் விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் கரட் போட்டால் அடுத்த போகம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அலையின் உச்சியில் கடன் வாங்கிச் சாமான் நிரப்பியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தலவாக்கலை, ஆசிரியர்: காசோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவார்களா?

அனுப்ப வேண்டும் சேர். ஒருவர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கிறார், கூட வந்தவர் படிவம் நிரப்புகிறார் என்றால் கடைக்காரர் அங்கேயே நிறுத்த வேண்டும். வேறொருவருக்காகப் பெயர் கொடுத்து வாங்குவதற்கு 2022 சட்டத்தின்படி 15 வருடம் வரை சிறை. தெரிந்தே விற்ற கடைக்கு உரிமமும் போகும்.

இன்னொரு விஷயம் எனக்கு மிக முக்கியம். நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் 2009இல், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரு வாரத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கித் தற்கொலை செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே கடைக்காரர்களும் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து, மனம் உடைந்து வருகிறவரை எப்படி அடையாளம் காண்பது, எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் ஊரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. “இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாங்க” என்று சொல்லி ஒரு ஆளைத் தேத்தண்ணி குடிக்க உட்கார வைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த விற்பனை போனதை நான் நட்டக் கணக்கில் எழுதவே மாட்டேன்.

பண்டாரவளை, வாசகர்: பன்றித் தொல்லை தாங்கவில்லை. இங்கே ஒரு கடை போட்டால் ஓடுமா?

அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். இங்கே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. வைத்திருப்பவரே வருடா வருடம் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். வாங்கும் ஆளும் மிகக் குறைவு. கடை போடவே ஆசை என்றால் வேலிக் கம்பியும் வலையும் விற்றுப் பாருங்கள், பன்றித் தொல்லைக்கு அதை எல்லோரும் வாங்குவார்கள்.

மஸ்கெலியா, மாணவர்: இந்த மாதிரி வேலைக்கு நானும் வரலாமா அக்கா?

வாங்க தம்பி. உயர்தரத்தில் கணக்கீடு இருந்தால் ஏ.ஏ.டி. என்ற கணக்கியல் படிப்பைத் தொடங்குங்கள், எக்செல் கை படியட்டும். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதித் தினம் பழகுங்கள். அதோடு உங்கள் லயத்துப் பக்கத்துக் கடையில் ஒரு மாதம் போய், இறாக்கையில் எந்தச் சாமான் எத்தனை நாள் கிடக்கிறது என்று எழுதிப் பாருங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.