ரொட்டி வாங்கப் போன அப்பா

யூரி ஷுலெவிட்ஸ் எழுதி வரைந்த 'ஹவ் ஐ லேர்ன்ட் ஜியாக்ரபி' (2008) படக்கதை பற்றி வந்த கேள்விகள் இவை. கதை சின்னது. போரில் எல்லாவற்றையும் இழந்து தூர தேசத்துக்கு ஓடிவந்த குடும்பம், மண்தரையில் படுத்துத் தூங்குகிறது. ஒருநாள் ரொட்டி வாங்கச் சந்தைக்குப் போன அப்பா, ஒரு வரைபடத்தோடு திரும்புகிறார்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. படித்துக் காட்டலாமா? பயந்துவிடுவாளோ?

தாராளமாகப் படியுங்கள். பிணமோ ரத்தமோ கிடையாது. இருப்பது பசி. அன்று ராத்திரி அதே அறையில் தங்கியிருக்கும் இன்னொருவர் ஒரு துண்டு ரொட்டியைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறார். அந்தச் சத்தம் கேட்கக்கூடாதென்று பையன் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்கிறான். அந்தப் பக்கத்தில் விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். பசி என்றால் என்னவென்று ஆறு வயசுக்குத் தெரியும்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. கதையில் 'யூதர்' என்ற சொல்லே வரவில்லையே. இதை எப்படி நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையோடு சேர்க்கிறீர்கள்?

ஆசிரியரின் வாழ்க்கையை வைத்துத்தான், மேடம். ஷுலெவிட்ஸ் 1935-இல் போலந்தின் தலைநகர் வார்சாவில் பிறந்த யூதர். 1939 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தின் மேல் குண்டு போட்டபோது அவருக்கு நாலு வயசு. குடும்பம் கிழக்கே சோவியத் நாட்டுக்குத் தப்பியது. அங்கே கழிந்த ஆறு வருஷத்தில் பெரும்பகுதி துர்கிஸ்தான் என்ற ஊரில். இன்று அது கஜகஸ்தானில் இருக்கிறது.

வார்சாவிலேயே இருந்திருந்தால்? 1940 நவம்பரில் அங்கிருந்த யூதர்களை நாஜிகள் சுவர் எழுப்பி, கெட்டோ எனப்படும் அடைப்புப் பகுதிக்குள் அடைத்தார்கள். 1942 ஜூலை முதல் செப்டம்பர் வரை மட்டும் சுமார் 2,65,000 பேரை ரயிலேற்றி டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போலந்து யூதர்களில் உயிர் தப்பியவர்களில் பெரும்பாலோர் இப்படி சோவியத் உட்பகுதிகளில் பட்டினி கிடந்து பிழைத்தவர்கள்தான். முகாம் கதைகளையே படித்துப் பழகிய நமக்கு இந்தப் பாதி தெரியாமலே போய்விடுகிறது. இந்தப் புத்தகத்தை நான் விடாமல் சிபாரிசு செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: "பசிக்கிற பிள்ளைக்கு மேப் எதுக்கு? அந்த அப்பா மோசம்" என்கிறான் என் மகன். என்ன பதில் சொல்ல?

சரியாகத்தானே சொல்கிறான்! கதையில் வரும் பையனும் அப்படித்தான் கோபித்துக்கொள்கிறான், அம்மாவுக்கும் ஆத்திரம். கையிலிருந்த காசுக்கு ஒரு துளி ரொட்டிதான் கிடைத்திருக்கும், அதைத் தின்றாலும் பசி அடங்காது என்பது அப்பாவின் கணக்கு. மறுநாள் வரைபடத்தைச் சுவரில் மாட்டியதும் அந்த இருட்டு அறைக்கு நிறம் வந்துவிடுகிறது. பையன் அதற்குள் புகுந்து பாலைவனம், கடற்கரை, பனிமலை என்று சுற்றுகிறான். ஒரு தோப்பில் மாம்பழமும் பப்பாளியும் இஷ்டத்துக்குத் தின்கிறான். நம் வீட்டுப் பிள்ளைகள் ஒதுக்கி வைக்கிற பப்பாளி அவனுக்குக் கனவு! கடைசியில் அவன் அப்பாவை மன்னிக்கிறான். உங்கள் மகன் மன்னிக்க வேண்டுமென்று கட்டாயமில்லை, சார்.

கேள்வி: நடுவில் வாயில் நுழையாத ஊர்ப்பெயர்கள் வருகின்றனவே, விட்டுவிடலாமா?

ஐயோ, விடாதீர்கள். ஃபுகுவோகா, ஓம்ஸ்க், டோம்ஸ்க் என்று பையன் பெயர்களை மந்திரம்போல் கோத்துப் பாடுகிறான். தாளம் போட்டு உரக்கப் படியுங்கள், பிள்ளைகள் கூடவே கத்துவார்கள். அந்த வரிசையில் பின்ஸ்க், மின்ஸ்க் என்றும் இரண்டு ஊர்கள் வரும். இரண்டிலும் யூதர்கள் ஏராளமாக வாழ்ந்தார்கள், இரண்டிலும் கெட்டோ அமைத்துக் கொன்று தீர்த்தார்கள். பிள்ளைகளுக்கு அது வெறும் எதுகை. எனக்கு அந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

கேள்வி: படத்தில் இருப்பது அந்த அசல் வரைபடமா?

இல்லை, அது எப்போதோ தொலைந்துவிட்டது. துண்டுகளை ஒட்டியும், பேனா மையாலும் நீர்வண்ணத்தாலும் தீட்டியும் ஷுலெவிட்ஸே புதிதாக உருவாக்கினார். சிறுவனாக அவர் வரைந்த ஆப்பிரிக்க வரைபடம் ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது. புத்தகத்தின் பின்குறிப்பில் அதைப் பார்க்கலாம்.