டிரசரைக் கேளுங்கள்: ஆபரேஷன் நடக்கும்போதே ஸ்கேனா?

கேள்வி: டிரசர் ஐயா, அம்மாவுக்கு வயது 67, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வலது கண்ணில் நட்டநடுவே கறுப்புப் பொட்டு தெரிகிறதாம். மேக்குலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி) ஓட்டை என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரி விளம்பரத்தாளில் 'ஆபரேஷன் நடக்கும்போதே நேரலை ஸ்கேன்' என்று போட்டிருக்கிறது. தேதியை விட்டுவிட்டு, பணம் சேர்த்து அங்கே போகட்டுமா?
– ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: தேதியை விடாதீர்கள், தங்கச்சி. இந்த ஓட்டை சின்னதாக, புதிதாக இருக்கும்போதுதான் நன்றாக மூடும். நீங்கள் பணம் சேர்த்து முடிப்பதற்குள் அது பெரிதாகிவிடலாம்.

சரி, அந்த ஸ்கேன் என்ன? தாடையைத் தாங்கியில் வைத்து அம்மாவுக்கு ஓசிடி என்ற கண் ஸ்கேன் எடுத்திருப்பார்களே, அதையேதான் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்போடு சேர்த்திருக்கிறார்கள். எக்ஸ்ரே இல்லை, அகச்சிவப்பு ஒளி, வலிக்காது. மைக்ராஸ்கோப்பில் விழித்திரை மேலிருந்து தெரியும். இதில் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். அந்த இடத்தில் விழித்திரையின் கனமே சுமார் கால் மில்லிமீட்டர். ஓட்டை மூட டாக்டர் உரிக்க வேண்டியதோ அதன் மேலே உள்ள சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமுள்ள சவ்வு மட்டும். அம்மாவுக்குச் சொன்னால் உடனே புரியும்: பட்டையைத்தான் சீவ வேண்டும், கத்தி கட்டையைத் தொட்டால் மரம் போச்சு, தண்டலிடம் ஏச்சும் நிச்சயம்.

நான் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, கண் அறுவை அறையில் நின்ற காலத்தில் நேரலையும் இல்லை, ஒன்றும் இல்லை. டாக்டர் நீலச் சாயம் விடுவார். நுனி மெலிந்த இடுக்கியால் சவ்வின் ஓரத்தைக் கிள்ளி வட்டமாக உரிப்பார். உரிந்த இடம் வெளுப்பாகவும் மிச்சம் நீலமாகவும் தெரியும். பழகிய கைக்கு உங்கள் அம்மாவுடையது போன்ற ஓட்டையில் பெரும்பாலும் அதுவே போதும். இந்த ஆபரேஷன் பற்றிய முதல் அறிக்கையும் ஓசிடி பற்றிய முதல் கட்டுரையும் வந்தது ஒரே வருடம், 1991. மைக்ராஸ்கோப்புக்குள்ளேயே ஸ்கேன் பொருத்திய மிஷின் விற்பனைக்கு வர, அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை ஓட்டைகள் மூடாமலா இருந்தன? (மிஷின் பெரிதாக இருந்தால்தான் வைத்தியம் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு.)

அதற்காக அது வீண் என்று சொல்லவில்லை. இனிப்புநீரால் (நீரிழிவால்) சவ்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி இழுக்கும் கண்ணில், எது சவ்வு எது விழித்திரை என்று டாக்டரே திணறுவார். அங்கே இது பெரிய உதவி. விழித்திரைக்கு அடியில் மருந்து செலுத்தும்போதும் அப்படித்தான். ஒரு குறையும் உண்டு: உலோகக் கருவியை ஒளி தாண்டாது. இடுக்கிக்குக் கீழே, பார்க்க வேண்டிய இடத்திலேயே, கறுப்பு நிழல் விழும்.

அடுத்த முறை போகும்போது மிஷினைப் பற்றிக் கேட்பதை விட, ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் குப்புறக் கவிழ்ந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். மேசை, தலையணை, கூடவே இருக்க ஆள் எல்லாம் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் செய்து அப்பாவின் கண்ணுக்குள் கேஸ் (வாயு) வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் கேமரன் மலையில் உறவுக்காரர் கல்யாணம். காரில்தானே, போகலாமா?
– பீடோர் வாசகர்

பதில்: கூடாது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கேஸ் விரியும், கண் அழுத்தம் எகிறிப் பார்வையே போய்விடலாம். விமானமும் அப்படித்தான். கேஸின் வகையைப் பொறுத்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை அது உள்ளே இருக்கும். முழுவதும் கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லட்டும். கண்ணில் கேஸ் இருப்பதைச் சொல்லும் பட்டையைக் கையில் கட்டியிருந்தால் கழற்றாதீர்கள். பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுங்கள். கண் வலித்தால், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.