ஒரு மூடைக்கு எத்தனை துண்டு?

கேள்வி: என் அண்ணரின் மகன் கம்பியூட்டர் படித்தவன். படுவான்கரை வயல்காரரின் நெல்லைக் களஞ்சியத்தில் அடுக்கி, மூடைக்கு ஒரு டோக்கன் (இணையத்தில் கைமாறுகிற உரிமைச் சீட்டு) போட்டு, சுவிஸ், கனடாவில் இருக்கிற நம்மட ஆக்கள் அதை வாங்கி விற்க இணையத்தில் ஒரு சந்தை கட்டப்போகிறானாம். என்னிடம் 5 இலட்சம் கேட்கிறான். கொடுக்கலாமா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, நான் கூட்டுறவுச் சங்கத்தில் நெல் கணக்கு எழுதியவன். கம்பியூட்டர் பக்கம் தெரியாது, மூடைப் பக்கம் நின்று சொல்கிறேன்.

மாரிப்போக அறுவடையில் விலை விழுந்த ஒரு வருடம், என் சொந்த நெல் 40 மூடையை ஓர் ஆலையில் வைத்து, அதற்குத் துண்டு (பற்றுச்சீட்டு) வாங்கினேன். சீல், கையெழுத்து எல்லாம் சரி. ஆனியில் விலை ஏறியதும் போனால், என் மூடை அடுக்கிய மூலையில் கொஞ்சம் உமிதான் கிடந்தது. அந்த ஒரே அடுக்குக்கு மூன்று பேரிடம் துண்டு. மூன்றும் அசல் துண்டுதான்!

டோக்கனும் அந்தத் துண்டுதான். பிளாக்செயினில், அதாவது எவரும் தனியாக அழித்தெழுத முடியாத பொதுக் கணினிப் பேரேட்டில், எழுதிவிட்டால் ஒரே டோக்கனை இரண்டு பேருக்கு விற்க முடியாது, உண்மை. ஒரே மூடைக்கு இரண்டு டோக்கன் போடுகிறவனை அது என்ன செய்யும்? ஆகவே மருமகனிடம் முதலில் கேளுங்கள்: களஞ்சியச் சாவி யாரிடம்? சந்தை நடத்துகிறவரிடமே என்றால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

தங்கத்துக்கு இது சரிவந்தது. 2019இல் வந்த பாக்ஸ் கோல்ட் டோக்கன் ஒன்றுக்கு ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் தங்கம் இலண்டன் பெட்டகத்தில் கிடக்கிறது. பத்து வருடம் கிடந்தாலும் அது தங்கம். நெல் அப்படியா? நாடு என்கிற நெல் இனம் வேறு, கீரிச்சம்பா வேறு. ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே இருந்தால், கிடக்கக் கிடக்க மூடைக்குள் கை விட்டாலே சூடு தெரியும். பிறகு அந்து. டோக்கனில் இனம், ஈரப்பதன், அடுக்கிய திகதி, கெடு நாள் நான்கும் இருக்கவேண்டும். நெல்லை எடுத்தவுடன் டோக்கனை அழிக்கவும் வேண்டும்.

இன்னொன்று, சுவிஸ் சித்தப்பா பாசத்தில் வாங்குவார். அவருக்கு விற்க வேண்டி வந்தால் யார் வாங்குவது? தினமும் வாங்கும் விலையும் விற்கும் விலையும் சொல்லி, சொந்தக் காசோடு நிற்கிற ஒருவர் இல்லாவிட்டால் அது வெறும் விளம்பரப் பலகை. மத்திய வங்கியும் 2021இலும் 2022இலும், மெய்நிகர் நாணயப் பரிமாற்றகம் (கிரிப்டோ காசு வாங்கி விற்கிற இணையச் சந்தை) நடத்த எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று எச்சரித்தது. சட்டத்தரணி ஒருவரைக் கேட்காமல் தொடங்கவேண்டாம்.

5 இலட்சம் வேண்டாம். ஈரப்பதன் பார்க்கிற மெசின் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு போகம் அதோடு களஞ்சியத்தில் நிற்கட்டும்.

கேள்வி: நெல் இருக்கட்டும், வயலையே டோக்கனாக்கி விற்றால்?
- வாசகர், கல்முனை

பதில்: டோக்கன் கைமாறும், காணி மாறாது. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் இல்லாத காணி விற்பனை செல்லாது. காணியைக் கம்பனி பெயரில் எழுதிப் பங்கை டோக்கனாக்கலாம் என்பார்கள். அப்போது பங்கு விற்பனையைக் கண்காணிக்கிற பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் வாசலுக்குப் போகவேண்டி வரும். உங்களுடையது சொந்த உறுதி எழுதிய காணியா, அரசு பெர்மிட்டில் கொடுத்த காணியா என்று எழுதவில்லையே? பெர்மிட் என்றால் உங்கள் இஷ்டத்துக்குச் சொந்தத் தம்பிக்கே விற்க முடியாது.