வதந்தித் தளங்களை எவ்வளவு நம்பலாம்? கேள்வி பதில்

கேள்வி: புது மாடல் வருகிறது என்று தினம் ஒரு செய்தி. என் போன் சூடாகித் தானாக அணைந்துவிடுகிறது. பொறுத்திருக்கவா சார்?

பதில்: வேண்டாம், வாங்கிவிடுங்கள். நிறுவனமே தேதி அறிவித்திருந்தால் மட்டும் பொறுங்கள். புதியது வந்ததும் பழைய மாடல் பெரும்பாலும் விலை இறங்கும். வெறும் வதந்தியை நம்பித் தள்ளிப்போட்டால், அந்த போன் வருவதற்குள் அடுத்ததைப் பற்றிய வதந்தி கிளம்பிவிடும்.

கேள்வி: நிறுவனத்துக்கு இது இலவச விளம்பரம்தானே?

பதில்: விளம்பரமும்தான். ஆனால் கையிருப்புச் சரக்கு நகராது. வரப்போகும் ஐபோன் பற்றிய செய்திகள் முன்கூட்டியே அடிக்கடி வருவதால் மக்கள் வாங்குவதை நிறுத்திவைக்கிறார்கள் என்று 2017 மே மாதம் ஆப்பிளின் அப்போதைய தலைமை நிர்வாகி டிம் குக்கே முதலீட்டாளர்களிடம் சொன்னார். கூகுள் வேறு வழியில் போனது. பிக்சல் 4 பற்றிய படங்கள் கசிந்ததும், 2019 ஜூனில் போனின் பின்பக்கப் படத்தைத் தானே வெளியிட்டுவிட்டது. போன் வந்ததோ அக்டோபரில்.

கேள்வி: தகவல் எப்படித்தான் வெளியே வருகிறது?

பதில்: கவர் தயாரிப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். போன் விற்பனைக்கு வரும் நாளில் கவரும் கடையில் இருக்க வேண்டும். அதனால் கேமரா எங்கே, பட்டன் எங்கே என்ற அளவுகளுக்காக அவர்கள் முன்பே அலைகிறார்கள். உதிரிபாகங்களும் பல கைகள் மாறுகின்றன. அதனால்தான் வடிவம் பற்றிய லீக் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. விலையை மட்டும் நம்பாதீர்கள், அதைக் கடைசி நேரத்தில்கூட மாற்றலாம். சில சமயம் நிறுவனமே கோட்டை விடும். 2017இல் ஆப்பிள் வெளியிட்ட ஹோம்பாட் என்ற ஸ்பீக்கரின் மென்பொருளுக்குள், அறிவிக்காத ஐபோனின் முன்பக்க வடிவமே இருந்தது.

கேள்வி: இந்தத் தளங்கள்மேல் வழக்குப் போட முடியாதா?

பதில்: போட்டிருக்கிறார்கள். திங்க் சீக்ரெட் என்ற தளத்தின்மீது ஆப்பிள் 2005 ஜனவரியில் வழக்குத் தொடர்ந்தது. அதை நடத்தியவர் ஒரு கல்லூரி மாணவர். 2007 டிசம்பரில் சமரசமாகித் தளம் மூடப்பட்டது. ஆனால் தகவல் தந்தவர் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. எனக்கு அந்த மாணவர்மேல் மரியாதை உண்டு.

கேள்வி: செய்தி பொய்யாகிப் போனால் அடி யாருக்கு?

பதில்: சாதாரண ஆட்களுக்குத்தான். 2007 மே 16 அன்று, ஐபோன் ஜூனிலிருந்து அக்டோபருக்குத் தள்ளிப்போகிறது என்று ஒரு போலி மின்னஞ்சலை நம்பி எங்கேட்ஜெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் செய்தி போட்டது. சில நிமிடங்களில் ஆப்பிளின் சந்தை மதிப்பு சுமார் 400 கோடி டாலர் சரிந்தது. மறுப்பு வந்ததும் பங்கு விலை மீண்டுவிட்டது. அந்த இடைவெளியில் பதறிப்போய் விற்றவர்களுக்குப் போனது போனதுதான். இன்னும் கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டுப் போட்டிருந்தால் அந்த நஷ்டம் வந்தே இருக்காது.